காலி மேட்ரிக்ஸுக்கு அக்கா போட்ட திருத்தம்

என் செல்ல அக்கா,

உறுவையாற்றில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசெல்லாம் அருவருப்பு. உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

காய்ச்சலில் நீ போவதற்கு முன்னால் அந்த இலவசக் கணித மென்பொருளுக்கு ஒரு திருத்தம் அனுப்பினாயே. ஓர் எண்கூட இல்லாத காலி மேட்ரிக்ஸுக்கு டிடர்மினன்ட் ஒன்று என்று வரவேண்டும், மென்பொருளோ பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. திருத்தம் சரி, அதைச் சரிபார்க்க ஒரு டெஸ்ட்டும் எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று அதைப் பராமரிப்பவர்கள் பதில் போட்டார்கள். அதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

இப்போது நீ படித்த கல்லூரியில்தான் நானும் படிக்கிறேன். ஆளுக்கொரு பங்களிப்பு அதே மென்பொருளுக்கு அனுப்பினால்தான் இன்டர்னல் மார்க் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். வகுப்பே கிளம்பியது. ஒருத்தி கையேட்டில் ஒரு கமாவை எடுத்தாள், இன்னொருத்தி அதையே திரும்ப வைத்தாள். கரையாம்புத்தூர்க்காரன் ஒருவன் பங்களித்தோர் பட்டியலில் தன் பெயரை ரத்த வகையோடு சேர்த்து அனுப்பினான். ஒருத்தராவது அந்த மென்பொருளைத் திறந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்களா?

அங்கே வேலை செய்கிறவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். வெறுத்துப்போய் நம் கல்லூரி மெயிலிலிருந்து வந்த அத்தனையையும் மூடிவிட்டார்கள். நீயும் அந்த மெயிலிலிருந்துதானே அனுப்பியிருந்தாய், குப்பையோடு குப்பையாக உன்னுடையதையும்.

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா அழுவுற? வேற மெயில்லேர்ந்து அனுப்பிக்க. ஒங்க அக்காதான் இல்லியே, அதுக்கு இன்னா மார்க்கா போடப் போறோம்?"

சிரித்துக்கொண்டே சொன்னார் அக்கா. எங்கள் சாதனையைப் பாராட்டி வாசலில் பேனர் வேறு. அதில் அவர் முகம்தான் பெரிசு. தூ!

நானே அந்தப் பராமரிப்பவர்களுக்கு எழுதினேன். வகுப்புக்காக மன்னிப்புக் கேட்டேன், இந்த ஒன்றை மட்டும் தனியாகப் பாருங்கள் என்று கெஞ்சினேன். இன்று காலை உன் திருத்தத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். கீழே உன் பெயர் சொல்லி ஒரு கேள்வி: "இன்னும் இதில் வேலை செய்கிறீர்களா?"

பாவம், கேட்டவருக்கு எப்படித் தெரியும்?

"அவள் இறந்துவிட்டாள். நான் தங்கை. டெஸ்ட்டை நான் எழுதுகிறேன், திருத்தியவர் பெயர் அவளுடையதாகவே இருக்கட்டும்" என்று பதில் போட்டேன். நீ இறந்துவிட்டாய் என்று இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை அக்கா.

டெஸ்ட் எழுத வேண்டிய பைதான் நிரல்மொழி எனக்கு அரைகுறைதான். அவர்களிடம் திட்டு வாங்கினாலும் சரி, உன் பெயரோடு அந்தத் திருத்தம் உள்ளே போகும்வரை விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்