ஓடாமல் நின்ற இலவச ஆப்

செவ்வாய், இரவு

ஹட்டன் கடையில் நாள் முழுக்க வேலைக்கு நின்றுவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஏறினேன். வாசலிலேயே பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா போனும் கையுமாக நின்றார்.

"நீ போட்டுக் குடுத்ததுல ஒரு வீடியோவும் ஓடல புள்ள. கொழுந்து எடுத்துட்டு வந்து பாக்குறதே அந்த ஒரு நாடகந்தான்."

விளம்பரம் வராது, டேட்டா மிச்சம் என்று வீடியோ பார்க்கும் அந்த இலவச ஆப்பை லயம் முழுக்க ஏற்றிக் கொடுத்தது நான்தான். அந்த ஆப் வீடியோக்களை எடுக்கும் தளத்தில் எதையோ மாற்றிவிட்டார்களாம். ஆப்பைச் செய்தவர்கள் திருத்தும் வரை ஓடாது என்றேன்.

"எப்பதான் திருத்துவாங்க?"

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கேள்வி. என் சோறு ஆறிப்போனது.

சாப்பிட்டதும், ஆப்பைச் செய்தவர்களின் இணையப் பக்கத்தில் என் அரைகுறை இங்கிலீஷில் எழுதினேன்: எப்போதுதான் திருத்துவீர்கள்? அனுப்பும் முன் மேலே பார்த்தேன். ஊர் உலகமே அதைத்தான் கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் செய்தவர்களில் ஒருவர் ஒரே பதில் போட்டிருந்தார்: இதற்கு எங்களுக்குச் சம்பளம் இல்லை. இப்போதுதான் வேலையிலிருந்து வந்தேன். இன்னும் சாப்பிடவில்லை, உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதியதை அழித்தேன். முதலில் சாப்பிடுங்கள் என்று மட்டும் அனுப்பினேன்.