பத்தனை மண்ணைத் தின்றவளுக்கு

இன்று காலை ஒரு சுண்ணாம்புத் தொட்டியை எட்டி உதைத்துக் கவிழ்த்துவிட்டேன், மதினி. அம்பிட்டியவில் நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சாக்கைப் பிரித்துச் சுட்ட கல்லை உள்ளே கொட்டினார்கள். உஸ்ஸென்று சீறி, நுரைத்து, குபுகுபுவென்று கொதித்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தெரியும். கையிலிருந்த அரிசிச் சுளகு எங்கே விழுந்ததோ, கால் தன்பாட்டில் போய்விட்டது. "கெழவிக்குப் பேய் புடிச்சிருச்சா?" என்று ஒருவன் கத்தினான். "ஆமாடா, புடிச்சிருக்கு. கிட்ட வா, காட்டுறேன்" என்றேன். எவனும் வரவில்லை. பாதத்தில் கொப்புளம் போட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் எழுதுகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். இந்த வீட்டு மிஷன் அம்மா, போகட்டும் என்று எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நீ இருந்திருந்தால், "கழுதைக்கும் கற்பூர வாசம் தெரிஞ்சுபோச்சுடோய்" என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்திருப்பாய். சிரித்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருப்பாய். கல்யாணமாகி என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது உனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சாக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த ஆட்களிடம் கேட்டேன். "தெல்தோட்டைக்கு அங்கிட்டு ஒரு பத்தனையில சூளை போட்டிருக்காங்கல்ல, அங்கருந்துதான்" என்றார்கள். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்கள்.

அந்தப் பத்தனைப் புல்மலையில் முதன்முதலாக மண்ணைக் கிள்ளி வாயில் போட்டவள் நீதான். தோட்டத்தின் மேல்பக்கம் காடு வெட்டிய கறுப்பு மண். எப்போதும் ஈரம், அட்டைக்கடி. முகட்டைத் தாண்டி மகாவலிப் பக்கம் இறங்கினால் வேறு உலகம். மழை மலைக்கு அந்தப் புறமே கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் புறம் காய்ந்த காற்று, இடுப்பளவு மானாப்புல். வெயில் காலத்தில் சிங்களக் கிராமத்தார் மாட்டுக்கு இளம்புல் வரவேண்டுமென்று தீ வைப்பார்கள். சரிவு முழுக்கக் கரிந்து கிடக்கும். அந்தக் கரிக்குக் கீழே தவிட்டு நிற மண். காய்ந்தால் வறுத்த மாதிரி மொரமொரப்பு, நனைந்தால் குதிகாலை விடாமல் அப்பிக்கொள்ளும். சரிவின் அடியில் முழங்கால் ஆழத்துக்கு இருக்கும். மேலே ஏற ஏறக் குறைந்து, முகட்டருகே ஒரு சாண் தோண்டினால் வெள்ளையாகத் தட்டிவிடும். மண்ணெங்கும் வேப்பங்கொட்டை அளவிலும் கோழிமுட்டை அளவிலும் வெள்ளைக் கட்டிகள். நீ ஒன்றைப் பல்லால் கடித்து உடைத்தாய். "ஏ புள்ள, நம்ம ஊரு சுக்கான்கல்லுடி இது!" என்று என் வாயிலும் ஒரு துண்டைத் திணித்தாய். நான் துப்பினேன். நீ தின்றாய்.

கோப்பிக்கு நல்ல விலை வந்த காலம். துரைக்கு இருந்த காடு போதவில்லை. வெறும் புல்தானே, வெட்டுகூலிகூட மிச்சம் என்று அந்தச் சரிவையும் வளைத்துப்போட்டான். குழி வெட்டப் போன ஆண்களுக்கு உள்ளங்கை கிழிந்தது. அலவாங்குக் கடப்பாரை தீப்பொறி பறக்க எகிறிக் குதித்தது. ஆழம் போதாது என்று கங்காணி குழிக்கு ஒரு பிரம்படி வைத்தான். கன்று நட்டோம். முதல் மழைக்குத் தளிர்த்தது. அப்புறம் இளம் இலையெல்லாம் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது. பிடுங்கிவிட்டு மறுபடியும் நட்டோம், மறுபடியும் மஞ்சள். பக்கத்துச் சரிவில் அதே நாற்றங்கால் கன்று கறுகறுவென்று நிற்கிறது, இங்கே மட்டும் காமாலை. துரை ஒரு நாள் விடியலில் பேர் கூப்பிடும் பிரட்டில், அத்தனை பேர் முன்னால், கங்காணியைப் பூட்ஸ் காலால் உதைத்தான். கங்காணி அன்று ஆண்களை அடித்தான். ஆண்கள் லயத்துக்கு வந்து பெண்டாட்டிகளை அடித்தார்கள். பெண்கள் பிள்ளைகளை அடித்தார்கள். அந்த வாரம் முழுக்க லயத்தில் ஒரே அழுகைச் சத்தம். யாராவது ஒருத்தரைப் பிடித்து இதற்கெல்லாம் காரணம் நீதான் என்று சொல்ல எல்லோருக்கும் வெறி பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் உன் வயிற்றில் மூன்றாவது தங்கியிருந்தது. முதலாவது, மாத்தளைக்கு நடந்து வந்த காட்டுப்பாதையில் போயிற்று. இரண்டாவது லயத்துக் குளிரில் போயிற்று. "மூணு மாசம் தாண்டுற வரைக்கும் ஒரு பய காதுல விழக்கூடாது, கண்ணு பட்டுரும்" என்று என் அம்மா ஊரிலிருந்து புறப்படும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். ஆகவே அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "இதாவது தங்கணும்டி" என்று தினமும் முனியாண்டி கல்லைத் தொட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாய். புளி கேட்கவில்லை, மாங்காய் கேட்கவில்லை. மண் கேட்டது உன் மசக்கை. வேலை முடிந்து திரும்பும்போது குழிமேட்டில் குனிந்து வெள்ளைக் கட்டியாகப் பொறுக்கி முந்தியில் முடிந்துகொள்வாய்.

அதைக் கங்காணி பெண்டாட்டி பார்த்துவிட்டாள். நட்ட கன்றின் அடியில் மண்ணெடுத்து ஒருத்தி முடிந்துகொண்டு போனால் நம் சனம் என்ன நினைக்கும்? காலடி மண் எடுப்பதும் கன்றடி மண் எடுப்பதும் செய்வினைக்காரிகள் செய்கிற வேலை. அவள் வாயை மூடவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலையை நிறுத்தி, தப்படித்துக்கொண்டு எல்லோரையும் பத்தனைக்கு ஏற்றினான் கங்காணி. பூசாரி, செத்துக் கிடந்த கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் குழிக்கு முன்னால் சூடம் கொளுத்தினான். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, முனியாண்டியைக் கூப்பிட்டுக் குழிக்குள் பிழிந்தான். சாறு விழுந்த இடத்தில் மண் நுரைத்தது. பொறுபொறுவென்று, சிவப்பாக. "கொதிக்குது! மண்ணு கொதிக்குது!" என்று அவன் அலறினான். நானும் பார்த்தேன். எனக்கும் மயிர் குத்திட்டு நின்றது. ஊரில் எலுமிச்சம்பழத்தை யார் மண்ணில் பிழிந்து பார்த்தார்கள்? சோற்றுக்கே கிடையாது.

"மண்ணெடுத்தவ அந்தா நிக்கிறா! நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!" என்று கத்தினாள் கங்காணி பெண்டாட்டி. உன் முந்தியை உருவினார்கள். கட்டிகள் கீழே விழுந்தன. பூசாரி அதன்மேலும் பிழிந்தான். அதுவும் நுரைத்தது.

"திங்கிறதுக்குடா எடுத்தேன்! திங்கிறதுக்கு!" என்று நீ கத்தினாய். சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளை பெற்றவள் எத்தனை பேர், மதினி! சாம்பலையும் அடுப்பு மண்ணையும் தின்னாமலா பெற்றாளுகள்? ஒருத்தி வாய் திறக்கவில்லை. நான்தான் தொண்டை கிழியக் கத்தினேன்: "அவ மாசமா இருக்கா! பாவிகளா, தொடாதீங்க, மாசமா இருக்கா!" அந்த நேரத்திலும் நீ திரும்பி என்னை முறைத்தாய், சொல்லிவிட்டேனே என்று.

"இத்தன நாளா ஒளிச்சு வச்சவ இப்ப எதுக்குச் சொல்றா? வயித்துல புள்ளையோ வேற எதுவோ!" என்றான் பூசாரி. அதோடு சரி. கங்காணி உன் கொண்டையைப் பிடித்தான். நீ அவன் கையைக் கடித்தாய்; சதை வந்துவிட்டது. பூசாரியின் தட்டை எட்டி உதைத்தாய். சூடமும் திருநீறும் புல்லில் பறந்தன. நான் அலவாங்கை எடுத்தேன். தூக்க முடியவில்லை, இழுத்துச் சுழற்றினேன். அது கங்காணியின் முட்டியில் பட்டு அவன் ஐயோவென்று உட்கார்ந்தான். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. அடுத்த நொடி யாரோ என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். வாய் நிறையப் புல். செய்வினைக்காரியின் முன்பல்லை உடைத்துவிட்டால் மந்திரம் திருந்த வராது என்பார்களே, அதைச் செய்தார்கள். குழியிலிருந்து வந்த வெள்ளைக் கல்லாலேயே செய்தார்கள். நான் பார்க்கவில்லை. கேட்டேன். நீ ஒருமுறைதான் கத்தினாய். பிறகு யாரோ உன் வயிற்றில் உதைத்தார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கண்டிச் சிறையில் என்னைத் தூக்கில் போட்டிருப்பார்கள்.

அண்ணன் கோப்பி மூட்டை வண்டியோடு கண்டிக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பழந்துணியில் சுற்றிய கை அளவு உயிரை எடுத்துக்கொண்டு அவன் பத்தனைக்குத்தான் போனான்; வேறெங்கும் புதைக்க எங்களை விடவில்லை. ஒரு சாணில் வெள்ளை தட்டியது. அலவாங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினான். பொறி பறந்தது, கல் தெறித்தது, மலை இளகவில்லை. வெறி வந்தவனாக அந்த மலையையே அடித்துக் கொல்லப்போகிறவன் போலக் குத்தினான். நடக்கமுடியாத நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாய். வீங்கிய வாயால், "போதுங்க. இதுக்கு மேல எறங்காது" என்றாய். நரி தோண்டாமல் இருக்கக் கல்லை அடுக்கிவிட்டு இறங்கினோம்.

கொஞ்ச நாள் கழித்துத் துரை இன்னொரு வெள்ளைக்காரனைக் குதிரையில் கூட்டிவந்தான். அவன் ஒரு கட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இருவரும் சிரித்தார்கள். மறுநாள் பிரட்டில் கணக்கப்பிள்ளை வந்து, "இது கோப்பி மலை இல்லையாம், சுண்ணாம்பு மலையாம். புளிப்புப் பட்டா நுரைக்கிற கல்லாம். கன்னுகள புடுங்கிட்டுச் சூளை போடச் சொல்லி உத்தரவு" என்றார். அவ்வளவுதான். பேர் போட்டார்கள், ஆள் பிரித்தார்கள், எல்லோரும் மலையேறிப் போனார்கள். தப்புச் செய்துவிட்டோம் என்று சொல்ல உன் வாசலுக்கு ஒரு நாய்கூட வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு அந்த மலைச் சுண்ணாம்பால்தான் லயத்துக்கு வெள்ளையடித்தார்கள். உன் அறைச் சுவரை மட்டும் நான் அடிக்கவிடவில்லை.

பிறகு கங்காணி பெண்டாட்டி உண்டானாள். ஒரு மத்தியான மழையில், முக்காடு போட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். "தாயி, வாயி நமநமங்குது. ஒண்ணும் உள்ள எறங்க மாட்டேங்குது. அந்தக் கட்டி ஒண்ணு இருந்தா..." என்று இழுத்தாள். நான் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உள்ளே போய், பானையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, சேலையில் துடைத்து, ஊதி, அவள் கையில் வைத்தாய்.

"உனக்குச் சூடு சொரணை இருக்கா? நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று உன்னைப் பிடித்து உலுக்கினேன்.

"எம் வயித்துல இருந்தது என்னடி செஞ்சுச்சு?" என்றாய். "அவ வயித்துல இருக்கது மட்டும் என்ன செஞ்சுச்சு?"

கோப்பிப் பழ அறுவடை முடியும்வரை உன்னோடு நான் பேசவில்லை. அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. உனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

இப்போது இலை நோய் வந்து மலைமலையாகக் கோப்பி மஞ்சளித்துக் கொட்டுகிறது. நல்ல கறுப்பு மண்ணிலும் கொட்டுகிறது. துரைமார் கப்பலேறுகிறார்கள், சனம் கும்பல் கும்பலாக ஊருக்கு நடக்கிறது. முதல் தோட்டம் அழிந்தபோது நான் பிரட்டுக் களத்தில் நின்று கத்தினேன்: "எங்கடா பூசாரி? கொண்டாங்கடா எலுமிச்சம்பழத்த! இப்ப யாரு பல்ல ஒடைக்கப் போறீங்க?" எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நீதான் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

போன தை மாதக் காய்ச்சலில் நீயும் போய்ச் சேர்ந்தாய். உனக்கு வாய்க்கரிசி போட்டவள் நான்தான், மதினி. உதட்டில் நிற்காமல் அந்தப் பல்லில்லாத சந்து வழியாக அரிசி உள்ளே இறங்கியது. அத்தனை பேர் முன்னாலும் நான் கங்காணியின் தலைமுறையை எல்லாம் கேட்கக்கூடாத வார்த்தையால் கேட்டேன். பிணத்துக்கு முன்னால் இப்படியா என்றார்கள். பின்னே எங்கே கேட்பது?

கங்காணி பெண்டாட்டி பெற்ற அந்தப் பிள்ளை வளர்ந்து, இப்போது கண்டிக் கடைவீதியில் பலசரக்குக் கடையில் நிற்கிறான். இந்த வீட்டுக்குச் சாமான் கொண்டுவருகிறவன் அவன்தான். தகப்பன் மாதிரி இல்லை. மூட்டையை நான் தொடக்கூட விடமாட்டான். "வெயில்ல வந்தேன் அத்தை, ஒரு வாய் சோறு போடுங்க" என்று உரிமையோடு அடுப்படி வாசலில் உட்காருவான். அவனுக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பான். நல்ல பல், மதினி. உளுந்து அளவு சொத்தை கிடையாது. வரிசையாக, வெள்ளை வெளேரென்று, நீ ஊதிக் கொடுத்த கட்டி மாதிரி.

நீ அன்றைக்கே கொடுத்துவிட்டாய். எனக்கு அந்த மனசு வரவில்லை. அவன் சிரிக்கும்போதெல்லாம் என் கை கல்லைத் தேடுகிறது. தேடிக்கொண்டேதான் அவனுக்குச் சோறு போடுகிறேன்.