அதே மணல் யார்டுக்கு விசா

செவ்வாய்க்கிழமை, இரவு இஷா தொழுகை முடித்துவிட்டு

சீனி மச்சான், நம் மகன் ரபீக்குக்கு விசா வந்துவிட்டது. குற்றாலத்தில் கூட்டாளிகளோடு குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து சொன்னான். நீங்கள் வேலை பார்த்த அதே மணல் யார்டு. எண்ணெய்க் கிணற்றுக்குள் தண்ணீரோடு சேர்த்து அடிக்கிற அதே மணல்.

"டிரைவர் வேலைதாம்மா. மணலைக் கிணத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்குததோட சரி. இறக்குதது வேற ஆளு."

"உங்க வாப்பாவும் டிரைவர்னுதாம்லே போனாரு. அங்கன போனா குழாயை மாட்டி, அந்தத் தூசிக்குள்ள நின்னு இறக்குததும் டிரைவர்தான்."

"மூக்குல துண்டைக் கெட்டிக்கிடுதேன்."

"அவரும் துண்டுதான் கெட்டுனாரு."

சிரித்தான். துண்டையும் தாண்டி உங்கள் நெஞ்சில் படிந்த தூசியைத் தென்காசி டாக்டர் எக்ஸ்ரே படத்தில் காட்டியபோது அவன் நம்மோடு வந்திருக்கவில்லை. அந்தத் தூசிதான் உங்களைக் கொண்டுபோனது. நான் சொன்னால் அவனுக்குப் புரியவில்லை.

அங்கிருந்து போனில் பேசும்போது இருமல் வந்தால், "சிக்னல் இல்ல புள்ள" என்று வைத்துவிடுவீர்கள். இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இவனுக்குப் பிளேன். இவனும் பாதிப் பேச்சில் போனை வைத்தால், அது சிக்னலா இருமலா என்று நான் எப்படி மச்சான் கண்டுபிடிப்பேன்?