நீ குத்திப் பார்த்த பாதி நிலம்

யார் கூப்பிட்டாலும் முதலில் காலடியைப் பார்த்துவிட்டுப் பிறகு திரும்பும் என் தம்பி சுந்தரத்துக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். தாவரவியல் படித்தவள், மண்ணுக்குள் போனது மண்ணாகும் என்று பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். ஆனாலும் கும்மிடிப்பூண்டியில் நான் பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் சண்டைக்குப் பிறகு நீ பட்டாளத்தை விட்டு வந்தாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடந்ததை நீயே நடித்துக் காட்டினாய். "இன்னா வேல தெரியும்?" "மண்ணுல பொதச்ச கண்ணிவெடிய எடுக்கத் தெரியும் சார்." "இங்க எவன்பா வெடி பொதைக்கிறான்? டிரைவிங் தெரியுமா, அத்தச் சொல்லு." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

அன்று என் பழைய குடைக் கம்பியை எடுத்து வாசல் மணலில் குத்திக் காட்டினாய், நினைவிருக்கிறதா? குப்புறப் படுத்து, ஒரு சாண் விட்டு ஒரு சாண், எப்போதும் சாய்வாக. நேராகக் குத்தினால் வெடியின் தலையில் இடிக்கும், சாய்த்தால் பக்கவாட்டில் தட்டும் என்றாய். நான் கேட்டுக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம், புதுவாயலைத் தாண்டி, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த குழாய்த் தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. முதல் மாதம் என்னைப் பார்க்கத் திருவள்ளூருக்கு வந்தபோது கேட்டேன்: "எப்படிடா இருக்கு?" "வேல இருக்குக்கா. நெறைய இருக்கு." கேட்டைத் திறந்து மூடுவதில் அப்படி என்ன நிறைய வேலை என்று நினைத்தேன். கேட்கவில்லை. அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் முனுசாமி என்று ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். உன் இடத்துக்கு வந்த வாட்ச்மேன். அவரும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்தான். பழவேற்காட்டு மீனவர் வீடு.

தொழிற்சாலைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு பொட்டல் இருக்கிறதாம். நீ ஒருநாளும் அதன் குறுக்கே நடந்ததில்லையாம், ஓரமாகச் சுற்றித்தான் வருவாயாம். உன்னைப் பார்த்து எல்லோரும் சுற்றினார்கள். இப்போது லாரி போக நடுவில் வழி வெட்ட வேண்டும். கூலியாட்கள் கால் வைக்க மறுக்கிறார்கள். மேனேஜர் முனுசாமியிடம், "முதல்ல நீ இறங்கிக் காட்டு, இல்லேன்னா காக்கிச் சட்டையக் கழட்டி வெச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்.

"ரெண்டு வருசம் நாயா அலஞ்சி கெடச்ச வேலக்கா. ஆனா காலு எறங்க மாட்டேங்குது."

"அங்க ஒண்ணும் இல்லப்பா. என் தம்பிக்கு அது பழைய வேலைப் பழக்கம்."

"அப்பிடின்னா நீங்க வந்து நடங்கக்கா. படிச்சவங்க. நான் பின்னாலயே வர்றேன்."

போனேன். ஒரு மனிதரின் பிழைப்புச் சிக்கல் என் நாலடியில் தீர்ந்துவிடும் என்றால் நடப்பதற்கென்ன? பட்டப்பகல், நல்ல வெயில். மண்வெட்டியோடு ஆட்கள் ஓரத்தில் நீ போட்ட ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நின்றார்கள். "டீச்சரம்மா, செருப்பக் கழட்டிடுங்க" என்றார் ஒருவர். "ஏன்டா, அது இன்னா கோயிலா?" என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை.

கோரை, நெருஞ்சி, ஆவாரை. மிதிபடாத மண்ணில் எது வளருமோ அதுதான் வளர்ந்திருந்தது. அதைத்தான் முனுசாமிக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பிறகு தரையைப் பார்த்தேன்.

துளைகள், சுந்தரம். ஒரு சாண் விட்டு ஒரு சாண், வரிசை வரிசையாக. நண்டு வளை என்று சொல்ல வாய் எடுத்தேன். அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு பெருமழை அடித்து ஓய்ந்த மண்ணில் ஒரு துளையின் ஓரம்கூட இடிந்திருக்கவில்லை.

பொட்டலின் பாதியில் வரிசை நின்றது. அங்கே நீ எப்போதோ எடுத்துப்போன என் குடைக் கம்பி குத்தி நின்றது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்திருந்தது, பிடி மட்டும் தினமும் கை பட்டதுபோல் பளபளத்தது. அதற்கு அப்பால் மறுபாதி. காற்று என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் புல் அசையவில்லை.

என் கால் இறங்கவில்லை. பின்னால் முனுசாமியின் மூச்சு கேட்டது. அவர் என் காலடித் தடங்களிலேயே கால் வைத்து வந்திருந்தார்.

திரும்பி வந்து, சாலையோரம் நின்றுகொண்டிருந்த மேனேஜரிடம் சொன்னேன்: "வழி இதுவரைக்கும் வரட்டும். இங்கிருந்து ஓரமாத் திருப்பிடுங்க. அந்தப் பக்கம் மண் இளகல், லாரி புதையும்." கல்லாக இறுகிய மண் அது. படித்தவள் சொன்னால் கேட்கிறார்கள். ஆட்கள் இறங்கி வெட்ட ஆரம்பித்தார்கள். முனுசாமியின் சட்டை அவர் உடம்பிலேயே இருக்கிறது.

கிளம்பும்போது ஓர் ஆவாரங்கொம்பை ஒடித்து, அடையாளத்துக்காகக் கம்பியின் பக்கத்தில் நட்டேன். சோதனைக்குத்தான். வேறென்ன?

நேற்று முனுசாமி கருவாட்டோடு வந்தார். உட்காரவில்லை. "அக்கா, கம்பி நவுந்துக்கினு கீது. நீங்க நட்ட கொம்பு நட்ட எடத்துலயே கீது, கம்பி அத்தத் தாண்டிப் பூட்ச்சி, புதுசா தொளையும் கீது."

"நீதானே குத்துற? உண்மையச் சொல்லு."

"நான் டிரைவருக்கா. அந்தச் சாய்மானம் எனக்கு வராது."

அவர் பொய் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்கிறேன். அவராக இருந்தால் நான் பழையபடி பாடம் நடத்தலாம். நீயாக இருந்தால்? பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அப்பாக்களிடம்கூட உனக்கு வேலை கேட்டு நின்றேனே, அப்போதே உனக்கு வேலை இருந்ததா? அந்தப் பாதியில் என்னடா இருக்கிறது?

அவசரப்படாதே. கடைசி வரிசை முடியும்வரை அந்தப் பக்கம் ஒருவரையும் இறங்க விடமாட்டேன். முடிந்த அன்று முதல் ஆளாக நான் நடுவே நடந்து வருகிறேன், நேராக, கீழே பார்க்காமல்.

உனக்கு முன்னால் பிறந்து, இப்போது உன் பின்னால் வரும்
அக்கா கமலா