ஒரே தடிமன் கயிறு

ஜூலை 8, செவ்வாய்

அம்மா தூங்கிவிட்டாள். எனக்கு உயரம் என்றால் பயம் என்று தெரிந்தால் கயிறு ஏறுவதை நாளைக்கே நிறுத்திவிடுவாள். இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

பள்ளி மாடியிலிருந்து தொங்கும் கயிற்றில் ஏற பி.டி. சார் ஷ்யாம்சுந்தர் பழக்குகிறார். இடுப்புப் பட்டையில் கோத்த சின்னக் கயிற்றைத் தொங்கும் கயிற்றில் மூன்று சுற்று சுற்றினால் ப்ரூசிக் முடிச்சு. கையால் தள்ளினால் மேலே போகும். எடை விழுந்தால் கவ்விக்கொள்ளும்.

சின்னக் கயிறு நைந்துவிட்டதாம். பெரிய கயிற்றிலேயே ஒரு துண்டு வெட்டிவிட்டார். "இது இன்னும் ஸ்ட்ராங்கு."

மெல்லிசாக இருந்தால்தானே சார் கவ்வும் என்றேன்.

"பயமா இருக்குன்னு நேரா சொல்லும்மா. கயித்து மேல பழி போடாத."

எல்லாரும் சிரித்தார்கள். என் தோழி சுஜிகூட.

ஜூலை 9, புதன்

தேடிப் படித்தேன். ப்ரூசிக் என்ற ஆஸ்திரியக்காரர் மலையேறுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரும் முன், அறுந்த வாத்தியத் தந்திகளைச் சேர்க்கக் கட்டினாராம். சுற்றும் கயிறு மெல்லியதாக இருக்க வேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. தரைக்குப் பக்கத்திலேயே முழு எடையையும் போட்டுப் பார்த்த பிறகுதான் ஏற வேண்டும்.

நாங்கள் பார்க்கவே இல்லையே?

ஜூலை 10, வியாழன்

எனக்குப் பயம்தான். யார் இல்லை என்றது? பயப்படுகிறவள் சொன்னால் பொய்யாகிவிடுமா?

ஜூலை 11, வெள்ளி

நாளை பெற்றோர்கள் முன்னால் ஏற வேண்டும். "நீ வுடு மாளு, உனக்கு பதிலா நான் ஏறிக்கிறேன்" என்றாள் சுஜி, கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில். ஏறிவிடுவாள் — அவளுக்குப் பயமே கிடையாது. அதுதான் எனக்குக் கவலை.

போடி. உன்னையும் ஏற விடமாட்டேன்.

ஜூலை 12, சனி

எல்லார் முன்னாலும் சொன்னேன். "சார், எனக்கு பயம்தான். ஆனா அந்தத் துண்டும் தப்பு. தரையிலேர்ந்து ஒரு அடில நீங்க தொங்கிக் காட்டுங்க."

"இவ்ளோதானே" என்று சுற்றிக்கொண்டு காலைத் தூக்கினார். முடிச்சு வழுக்கிக்கொண்டே வந்தது. சார் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சுஜி தன் பட்டையைக் கழற்றினாள்.

வீட்டில் அம்மா: "பயம்னு ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ."

"நிறுத்தத்தான் போறேன்."

முடியாது என்றேன்.

ஜூலை 19, சனி

சார் மெல்லிய கயிறு வாங்கி வந்திருந்தார். என் கையில் கொடுத்து, "நீயே சுத்து" என்றார். பாதுகாப்புக்கு இன்னொரு கயிறும் இருந்தது. தரையருகே தொங்கிப் பார்த்தேன். கவ்வியது.

இரண்டாவது மாடி உயரத்தில் செம்பாக்கம் ஏரி தெரிந்தது. கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கீழே அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"போதும், எறங்குடி."

இன்னும் ஒரு அடி ஏறினேன்.