கார்டுக்கு வைத்த பொட்டு

என்னங்க,

சீட்டைக் கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டியிருக்கிறேன். வேறு எங்கே வைத்தாலும் உங்கள் கண்ணில் படாது. சோறு சட்டியில் இருக்கிறது. நெத்திலி சம்பலை மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று ஆயுத பூஜைக்கு உங்கள் செம்பனைக் குலை ஏற்றும் லாரிச் சாவி, பாராங் கத்தி, என் தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பக்கத்தில் கேம் ஆடக் கம்ப்யூட்டருக்கு நீங்கள் வாங்கி வந்த புது கிராபிக்ஸ் கார்டு இருந்தது. அதற்கும் வைத்தேன். தங்க நிறத்தில் பல் பல்லாக இருந்த இடம் அழகாக இருந்தது, அங்கேதான் வைத்தேன். அங்கே பொட்டு வைத்தால் கார்டு வேலை செய்யாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"எஸ்டேட் புத்தி போவாதுலா ஒனக்கு" என்று பக்கத்து வீட்டு வள்ளியம்மா அக்கா முன்னாலேயே கத்தினீர்கள். நீங்கள் எந்த டவுனில் பிறந்தீர்கள்?

காலையில் கோலா பிலாவுக்குப் போய்க் கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துவிட்டேன். கண் எரிகிறது. இனி மதிய ஷிஃப்டுக்கு ஃபேக்டரிக்குப் போய் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மாட்டிப் பாருங்கள். பஸ் ஹாரன் அடிக்கிறது.

பஞ்சாலை

சம்பலைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

கார்டு வேலை செய்யாவிட்டால் காலையில் என்னை எழுப்ப வேண்டாம், சத்தமில்லாமல் லாரிக்குப் போங்கள்.

வேலை செய்தால் எழுப்புங்கள். கம்ப்யூட்டரில் முதல் கார் ரேஸ் ஆட்டம் எனக்குத்தான் என்று சொல்லித்தானே அதை வாங்கினீர்கள்.