ஆறாம் நம்பர் சனி

மே 5, திங்கள்

லீவு விட்டு நாலே நாள். அதற்குள் என்னைத் தனியாக வீட்டில் விட்டுவைப்பது விழிதியூருக்கே ஆபத்து என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். (பக்கத்து வீட்டு ஆட்டுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டினேன். ஆடு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்குச் சொந்தக்காரர்தான் கத்தினார்.) எல்லா லீவையும் போல இந்த லீவுக்கும் ஸ்கூட்டியில் ஏற்றி, தான் வேலை பார்க்கிற ஹோட்டலுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

‘சூரியக் குடும்பம்’ ரிசார்ட். திருநள்ளாறு ரோட்டில் போகிற எந்த வண்டியும் அதன் முன்னால் ஒரு நொடி பிரேக் போடும். ஆரஞ்சு உருண்டை ரிசப்ஷன், அதுதான் சூரியன். சுற்றி எட்டு உருண்டை வீடுகள், எட்டுக் கிரகங்கள். கட்டியவர் காஜா நஜ்முதீன் பாய். துபாயில் கிரேன் ஓட்டிய காலத்தில் பாலைவனத்தில் யாரோ டெலஸ்கோப்பில் சனிக் கிரகத்தைக் காட்டினார்களாம். அன்றைக்கு மயங்கியவருக்கு இன்னும் தெளியவில்லை. ஆறாம் நம்பர் சனிக்கு ஃபைபரில் ஒரு பெரிய வளையமே மாட்டிவைத்திருக்கிறார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசிக்கவில்லை. இங்கே தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சனி தோஷம் கழிக்கத் திருநள்ளாறு வருகிறவர்கள். இன்று சேலத்துக்காரர் ஒருவர் சாவியில் பெயரைப் பார்த்ததும் கையை உதறினார்: “சனியத் தலைமுழுகத்தான் சார் இவ்ளோ தூரம் வந்திருக்கோம்! அதுக்குள்ளயே போய்ப் படுக்கச் சொல்றீங்க?”

அதனால் ஆறாம் நம்பர் எப்போதும் காலி. அதனால் அது என்னுடையது. இதை வளையத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மே 6, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை, செவ்வாய் ரூம், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற குடும்பம். ரிசப்ஷன் அகரன் அண்ணன் சாவியை நீட்டியதும் அந்த அம்மா பார்த்த பார்வை! பாவம், அண்ணனுக்குத்தான் இன்றைக்குத் தோஷம்.

மே 9, வெள்ளி

பாயின் மகள் இஃபாத் அக்கா பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார். ஆர்க்கிடெக்ட். கையில் அளவு டேப், முகத்தில் சிரிப்பே இல்லை. ஹோட்டலைப் புதுப்பிக்கப் போகிறாராம். எல்லாம் வெள்ளை, எல்லாம் நேர்க்கோடு. முதலில் இடிபடப் போவது சனி.

என் சனி!

“அது வருமானமே குடுக்கலயே வாப்பா. அந்த எடத்துல உருப்படியா ஒண்ணு கட்டலாம்.”

“வருமானத்துக்கா கட்டுனேன்?” என்றார் பாய்.

“பின்ன எதுக்கு?”

பாய் வளையத்தில் இருந்த காக்கா எச்சத்தைத் துண்டால் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா ரிசப்ஷனில் ஒரு கருத்து நோட்டு வைத்திருக்கிறார். ‘இந்த உருண்டைகள் இருக்கலாமா, மாறலாமா?’ நிஜமாகவே எழுதுகிறார்கள். ‘குழந்தை ஊருக்கு வரமாட்டேன் என்று அழுகிறது, மாற்றவே மாற்றாதீர்கள்.’ ‘கல்யாணமாகி இருபது வருடம், நேற்று இரவு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தேன், உடனே மாற்றவும்.’

அம்மா எந்தக் கட்சி என்று கேட்டேன். “ரவுண்டு ரூம்ல மூலையே இல்லடி. பெருக்குனா குப்பை என் கூடவே சுத்தி வருது. இடிச்சா ஒரு தேங்கா உடைப்பேன்.”

சொந்த அம்மாவே எதிர்க்கட்சி.

மே 10, சனி

நோட்டில் ஏழு கருத்துகள் எழுதினேன். கும்பகோணம் டாக்டர், அம்பகரத்தூர் ரிட்டயர்டு தாசில்தார், எல்.கே.ஜி. பையன் (இடது கையால்), ‘நாசாவில் வேலை பார்க்கும் பூவத்துக்காரர்’. எல்லோரும் ஒரே குரலில் சனியைக் காப்பாற்றச் சொன்னார்கள்.

மே 11, ஞாயிறு

இஃபாத் அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “நாசாக்காரரும் எல்.கே.ஜி.யும் ஒரே பச்சைப் பேனாவ மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டாங்க போல.”

பச்சைப் பேனா என் காதில்தான் செருகியிருந்தது.

சரி. எழுத்து வேண்டாம். செயல்!

மே 12, திங்கள்

செய்தாகிவிட்டது. ஐந்தாம் நம்பர் வியாழன் போர்டை எடுத்து ஆறாம் நம்பரில் மாட்டினேன். சனி போர்டு ஐந்துக்குப் போனது. சாவி வில்லைகளையும் மாற்றிவிட்டேன். குரு பகவான் வீட்டில் படுக்க யார் மாட்டேன் என்பார்கள்?

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, அதுதான் அழகு. அம்மா இஃபாத் அக்கா மாற்றினார் என்று நினைத்துக்கொண்டாள். அக்கா வாப்பாவின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டார். அகரன் அண்ணன் எப்போதும் போல எதையும் நினைக்கவில்லை. பாய் மட்டும் போர்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்று மூக்கைச் சொறிந்துவிட்டுப் போனார்.

மே 17, சனி

ஆறாம் நம்பர் ஹவுஸ்ஃபுல்! அஞ்சு நாளாக! மதுரைக் குடும்பம் ஒன்று வளையத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நேற்றுத் தங்கினவருக்கு இன்று காலையில் மகளுக்கு வரன் கூடிவந்து போன். “குரு பலன்!” என்று அகரன் அண்ணனுக்கு லட்டு. எனக்கு அரை லட்டு. அநியாயம்.

என் இடம் போயிற்றுதான். இருந்தாலும் இடிக்க மாட்டார்கள் இல்லையா?

மே 21, புதன்

இடிக்கவில்லை. ஆறாம் நம்பர் அப்படியே இருக்கட்டும் என்று இஃபாத் அக்கா சொல்லிவிட்டார். ஜெயிச்சாச்சு.

மத்தியானம் அம்மாவைத் தேடிக்கொண்டு நெப்டியூனுக்குப் பின்னால் போனேன். மோட்டார் ஷெட். தண்ணீர்த் தொட்டி நிழலில் அம்மாவும் அவளோடு வேலை பார்க்கிற ஐந்து அக்காக்களும் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தேவிகா அக்கா புடவை மாற்ற, இரண்டு பேர் எழுந்து பெட்ஷீட்டை விரித்துப் பிடித்தார்கள்.

“நம்ம ரூம் இல்லன்னு ஆயிடுச்சு,” என்றாள் அம்மா.

“எந்த ரூம்மா?”

“ஆறாம் நம்பர இடிச்சுட்டு அங்கன லேடீஸ் ஸ்டாஃபுக்கு ஒரு ரூம் கட்டித் தரேன்னு இஃபாத்து சொல்லுச்சு. நாலு வருசமா கேட்டு, இப்பதான் சரின்னாங்க. திடீர்னு என்ன ராசியோ, அதுல ஆளு தங்க ஆரம்பிச்சிட்டாங்க.”

அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே.

எனக்கு ஏன் யாரும் சொல்லல? நான் ஏன் கேக்கல? நாலு வருசம் அந்த வளையத்துல நான் மட்டும் காலாட்டிக்கிட்டுப் படுத்திருந்தேனே— லீவுக்கு லீவு வந்திருக்கேன், ஒரு தடவகூட அம்மா எங்க சாப்புடறான்னு போய்ப் பாத்ததில்ல. ச்சே.

மே 22, வியாழன்

சொல்லிவிட்டேன். சூரியனுக்குள் நின்று, பாய், அக்கா, அம்மா மூன்று பேர் முன்னாலும்.

அம்மா: “எனக்குத் தெரியும், இது எதுவோ பண்ணும்னு.” தலையில் ஒரு குட்டு.

அக்கா: “வாப்பா, நீங்க மாத்துனதுன்னுல்ல நெனச்சேன்!”

பாய்: “மொத நாளே தெரியும். வியாழனுக்கும் வளையம் உண்டுதான். ஆனா ரொம்ப மெல்லிசு. இவ்ளோ மொத்தமா இருக்காது.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?” என்றார் அக்கா.

“நல்லா ஓடுச்சேம்மா!”

அக்கா சிரித்துவிட்டார். முதல்முறை. உடனே நிறுத்திக்கொண்டார். “பேர மாத்திப் பொய் சொல்லி ரூம் விக்க முடியாது. போர்ட திருப்பி மாட்டு. மாட்டுனா மறுபடி ஆறு காலிதான். இடிக்க வேண்டியதுதான்.”

பாய் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அம்மா சொன்னாள்: “எதுக்கும்மா இடிச்சிக்கிட்டு? யாரும் தங்காததுதானே, அப்படியே எங்களுக்குக் குடுங்க. சனி பகவான் ஒழைக்கிறவங்க கிரகம். எங்கள ஒண்ணும் பண்ண மாட்டாரு.”

“ரவுண்டு ரூம் ஆகாதும்பீங்களே, தாமரைச்செல்வி அக்கா?” என்று அம்மாவைக் கேட்டார் இஃபாத் அக்கா.

“பெருக்கத்தான் ஆகாது. படுக்க ஆவும். பெருக்கறதுக்கு ஆளு இருக்கு.”

அந்த ஆள் நான்தான் என்று அப்போதே புரிந்துவிட்டது.

மே 26, திங்கள்

புதனையும் வெள்ளியையும் இடித்தாயிற்று. அந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் எழும்பப் போகிறது. பாய் அந்தப் பக்கம் போவதே இல்லை. மணமாகப் போகும் ஜோடி ஒன்று வரைபடத்தைப் பார்த்து “செம கிளாஸ்” என்றது. ஒரு குழந்தை உடைந்த புதனின் ஓடு ஒன்றை எடுத்துக்கொண்டு போயிற்று. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இந்த முறை நோட்டில் என் சொந்தப் பெயரில் அதையேதான் எழுதினேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஆறாம் நம்பரில் ஆறு அலமாரி, ரெண்டு கட்டில், ஒரு ஃபேன். கதவில் ‘லேடீஸ் ஸ்டாஃப்’ என்று போர்டு. நான் ஸ்டாஃப் இல்லையாம். பெருக்க மட்டும் அனுமதி.

மத்தியானம் துடைப்பத்தோடு போனேன். சட்டைப் பையில் ஒரு ரப்பர் பல்லி, தேவிகா அக்காவுக்காகப் பிரத்யேகமாக வாங்கினது. உள்ளே அம்மா மட்டும்தான். கட்டிலில் ஒருக்களித்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பாதத்தில் இவ்வளவு வெடிப்பு இருப்பதையும்தான்.

பல்லியை வைக்க அருமையான இடம், தலையணை ஓரம்.

ஃபேனை ஒரு புள்ளி கூட்டிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.